லாண்ட் ரோவருக்கு இசுசு எஞ்சின்: புத்தகம் என்ன ஆகும்?

தம்பலகாமத்தில் வயல் செய்யும் ஒரு வாசகர் கேட்கிறார்: 1974ஆம் ஆண்டு சீரிஸ் 3 லாண்ட் ரோவர் டீசல், ஒயில் குடிக்கிறது, இசுசு 4ஜேபி1 எஞ்சின் போட்டால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் சிக்கல் வருமா? எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறாராம்.

தாராளமாகப் போடலாம். உங்கள் பழைய எஞ்சின் 2.25 லீட்டர், இசுசு கிட்டத்தட்ட 2.8, இழுவை உடனே தெரியும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வைக்கும் அடாப்டர் பிளேட்டை மட்டும் நல்ல லேத்காரரிடம் கொடுங்கள், மையம் கொஞ்சம் விலகினாலும் கியர்பாக்ஸ் பேரிங் கத்தத் தொடங்கிவிடும். மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

எனக்குப் பயம் அந்த முடித்துத் தருகிறவர்தான். இவர்களில் பலர் புது எஞ்சினின் நம்பரைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டு உங்கள் பழைய நம்பரை அடித்துவிடுவார்கள், "புத்தகத்தில் கையே வைக்கத் தேவையில்லை அண்ணே" என்பார்கள். அப்படி அடித்த ஒன்றை நான் பார்த்தேன்: பிளாக் முழுக்கக் கறுப்பு, நம்பர் இருந்த இடம் மட்டும் பளபளப்பு, எண்கள் ஒரு வரிசையில் நிற்கவில்லை. விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் அங்கேதான் டோர்ச் அடிப்பார். திருட்டு எஞ்சின் என்றால் பொலிசுக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள், தரகர் அல்ல.

எஞ்சின் நம்பர் எழுதிய பில்லும் சுங்கப் பத்திரத்தின் பிரதியும் தராத கடையில் வாங்கவே வேண்டாம். அவற்றோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியுங்கள்.

சரி, இசுசு வேண்டாம், அதே 2.25 டீசலில் இன்னொன்றைத் தூக்கிப் போட்டால்? கம்பனி மாறாது, சிசி மாறாது, எரிபொருளும் மாறாது. இதற்கு ஏன் பதிவு என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நம்பர் மாறுகிறது, புத்தகத்தில் இருப்பது அந்த நம்பர், ஆகவே அதையும் பதியத்தான் வேண்டும். ஒரு நம்பரை மாற்றி எழுத இத்தனை படிவம், இத்தனை நாள் அலைச்சல் என்று வைத்திருப்பதால்தானே மனிதர்கள் தரகரிடம் போய் விழுகிறார்கள், இதை யார் திருத்துவது?

அப்புறம், காசு கொடுக்கமுன் சாஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வண்டியின் மேல்கூடு அலுமினியம், துருப்பிடிக்காமல் உங்களை ஏமாற்றும். சாஸி இரும்பு, தம்பலகாமக் குடாவின் உப்புக்காற்று அதைத்தான் தின்னும். எஞ்சின் மவுண்டிங் பக்கமும், சாஸி நம்பர் பொறித்திருக்கும் முன் வலது ஸ்பிரிங் பக்கமும் மந்தமாகச் சத்தம் வந்தால், முதலில் அதைத் திருத்திவிட்டு எஞ்சின் பார்க்கப் போங்கள்.