டார்ச்-லாந்தர் விளம்பரத்தில் சொன்னபடி எரியவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: புயல் காலத்து மின்தடைக்காக ஒரு கையடக்க டார்ச்சை இணையத்தில் 1,499 ரூபாய்க்கு வாங்கினேன். தலைப்பகுதியை மேலே இழுத்தால் லாந்தராகிவிடும். '1000 லூமென் (வெளிச்ச அளவு), 8 மணி நேரம், ஐபிஎக்ஸ் 7 (நீர் புகாத் தரம்)' என்று போட்டிருந்தார்கள். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தூறலில் நனைந்ததற்கே லாந்தர் மூடிக்குள் நீர்த்துளிகள். பெட்டியில் பேட்டரி 3.7 வோல்ட், 1200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்று இருக்கிறது. திருப்பித் தருவதற்கான 7 நாள் முடிந்துவிட்டது, வாரண்டியில் பேட்டரி சேராது என்கிறார் டெல்லி விற்பனையாளர். இனி என்ன வழி? – கடலூர் வாசகர்

பதில்: 7 நாள் கெடு விற்பனையாளர் தன் வசதிக்கு வைத்துக்கொண்டது. பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாவிட்டாலோ, அதைத் திரும்ப வாங்கவும் பணத்தைக் கொடுக்கவும் அவர் மறுக்கக் கூடாது. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளில் 6ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாரண்டி அட்டையும் குறுக்கே வராது. வாரண்டி பின்னால் வரும் பழுதுக்கானது. உங்கள் விளக்கில் சொன்ன திறன் முதல் நாளிலிருந்தே இல்லை.

உங்கள் கையில் இருக்கும் வலுவான சாட்சி அந்தப் பெட்டிதான். 1200 எம்ஏஎச், அதாவது 1.2 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 4.4 வாட்-மணி; பேட்டரியில் உள்ள மொத்த மின்சாரம் அவ்வளவுதான். ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 1000 லூமெனுக்கு 10 வாட் வேண்டும்; அரை மணிக்குள் தீர்ந்துவிடும். அதே பேட்டரி 8 மணி நேரம் எரிய வேண்டுமானால் 55 லூமென்தான் கிடைக்கும். இரண்டும் ஒருசேர நடக்கவே முடியாது. இந்தக் கணக்கை அப்படியே புகார் மனுவில் எழுதுங்கள். ஆய்வகச் சோதனை கேட்டால் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். 1,499 ரூபாய் விளக்குக்கு அது கட்டுப்படியாகாது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? '8 மணி நேரம் என்பது குறைந்த வெளிச்சத்துக்கு' என்பார்கள். ஆகவே விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை திருத்திவிடக்கூடும். அதில் அப்படி ஒரு குறிப்பு தெளிவாக இருந்தால் நேரத்தைப் பற்றிய வாதம் பலவீனப்படும். சூடு ஏறும்போது வெளிச்சம் சற்றுக் குறைவது நல்ல டார்ச்சுகளிலும் உண்டு, அதைக் குறையாக எழுத வேண்டாம். தண்ணீர் விஷயம் அப்படியல்ல. ஐபிஎக்ஸ் 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாகப் பொருந்தியிருப்பதும் உள்ளே துளிகள் நிற்பதும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். நிரூபிக்கிறேன் என்று வாளியில் முக்காதீர்கள், பிரிக்காதீர்கள். 'நீங்களே கெடுத்துவிட்டீர்கள்' என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். ஈரம் புகுந்த லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போடுவது ஆபத்தும்கூட.

முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்த்துவைக்க வேண்டும். விற்பனையாளரின் முழு முகவரியையும் அதிலேயே கேளுங்கள். எழுதிக் கேட்டால் தளம் தந்தாக வேண்டும். கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சின்னத் தொகை வழக்குகள் பல இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ்; பிறகு இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் வழக்குத் தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. டெல்லிக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விற்பனையாளர், தளம் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர் இருந்தால் அவரையும். விலை, மன உளைச்சலுக்கு இழப்பீடு, செலவுத்தொகை மூன்றையும் கேளுங்கள். இழப்பீட்டை லட்சக்கணக்கில் ஏற்றினால் மனுவின் மதிப்புதான் குறையும்.

அடுத்த விளக்கு வாங்கும்போது ஒவ்வொரு வெளிச்ச நிலைக்கும் லூமெனும் நேரமும் தனித்தனியாக அச்சிட்டிருக்கிறதா, லாந்தர் நிலைக்கும் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அறைக்கு 100 முதல் 200 லூமென் போதும். 18650 செல்லை (டார்ச்சுகளில் வழக்கமாக வரும் உருளை வடிவ லித்தியம் பேட்டரி) கழற்றி மாற்ற முடிவது நல்லது. அதில் 9,900 எம்ஏஎச் என்றிருந்தால் பொய், தரமான செல்களே 3,500 அளவில்தான் இருக்கும். டைப்-சி துளை இருந்தும் சி-டு-சி கேபிளில் (இரு முனையும் டைப்-சி) சார்ஜ் ஏறாத மலிவு மாடல்கள் உண்டு. சர்க்யூட்டில் இரண்டு சிறு ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்ததன் விளைவு அது. வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள்.

பழைய விளக்கை எடுத்துப்போக ஆள் வந்தால், பொட்டலம் கட்டுவதை வீடியோ எடுங்கள்; பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்காமல் கையில் கொடுக்காதீர்கள்.