மச்சினன் கடையில் தூங்கும் 700 போர்வை

சென்னிமலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நாலு தறி. கோயமுத்தூரில் கடை வைத்திருக்கும் மச்சினனுக்கு, விற்றபிறகு காசு என்ற பேச்சில் போர்வை அனுப்புகிறார். ஒரு போர்வைக்கு அடக்கம் 280 ரூபாய், கைக்கு வருவது 350. ஒரு வருஷத்தில் 1,200 போய், 500-க்குத்தான் பணம் வந்திருக்கிறது. நூலுக்காக இரண்டு வட்டிக்கு 2 லட்சம் வாங்கியிருக்கிறார். அதை அடைக்க, மாதம் ஒன்றரை சதவீதம் என்று ஒரு ஆப் தரும் கடனை வாங்கலாமா என்பது கேள்வி.

வேண்டாங்க. அந்த ஒன்றரை ஃபிளாட் வட்டியாக இருந்தால், அசல் குறையக் குறைய வட்டி குறையாது. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டும், உங்கள் இரண்டு வட்டியே 24தான்.

ஆனால் உங்கள் சிக்கல் கடன் இல்லை. பழைய சரக்குக்குக் கணக்கு வராமலே அடுத்த பேலை ஏற்றிவிடுகிறீர்களே, அதுதான். விற்ற 500-இல் லாபம் 35,000. வட்டி மாதம் 4,000, வருஷத்துக்கு 48,000. ஆக, கையிலிருந்து 13,000 போட்டு மச்சினன் கடை அலமாரியை நிரப்பியிருக்கிறீர்கள். மீதி 700-இல் உங்கள் அடக்கம் மட்டும் 1,96,000, கிட்டத்தட்ட நீங்கள் வாங்கிய கடன் அவ்வளவும் அங்கேதான் மடித்து வைத்திருக்கிறது.

இப்படி விற்றபிறகு காசு என்று அனுப்புவதற்குக் கன்சைன்மென்ட் என்று பெயர், விற்கும்வரை சரக்கு உங்களுடையது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எலி கடித்தாலும் மழையில் நனைந்தாலும், வேறு பேச்சு இல்லாவிட்டால், நஷ்டமும் பெரும்பாலும் உங்களுடையதுதான். அவர் கடனுக்கு விற்று அந்த ஆள் கம்பி நீட்டினால் யார் தலையில்? ஆடித் தள்ளுபடியை யார் தாங்குவது? எல்லாவற்றையும்விட, அவர் கடை ஸ்டாக்கைக் காட்டி பேங்கில் ஓவர்டிராஃப்ட் கடன் வாங்கியிருந்தால், நாளைக்குப் பேங்க்காரர் வந்து எண்ணும்போது உங்கள் போர்வையையும் சேர்த்துத்தான் எண்ணுவார், இது என்னுடையது என்று நீட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு உண்டா? ஈரோட்டு மண்டியில் மஞ்சள் மூட்டையை இறக்குகிற விவசாயிகூடச் சீட்டு வாங்காமல் வண்டியைத் திருப்பமாட்டார்.

கையெழுத்து கேட்டால் வீட்டில் சண்டை வரும் என்கிறீர்கள். காதுகுத்துக்கு அவர் வைத்த மொய்யை நோட்டில் எழுதித்தானே வைத்தீர்கள், அப்போது யாரும் கோபித்துக்கொள்ளவில்லையே? ஒப்பந்தச் சட்டப்படி முதலாளி (இங்கே சரக்கு அனுப்பும் நீங்கள்) கேட்டால் ஏஜென்ட் (விற்றுத்தரும் மச்சினன்) கணக்குக் காட்டியே ஆகவேண்டும். 1872-இலிருந்து இருக்கிற சட்டம் இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் இருவருமாக எண்ணுங்கள். எண்ணிக்கை, விலை, கமிஷன், மாதம் எந்தத் தேதிக்குள் பணம், 90 நாளில் விற்காதது யார் வண்டிச் செலவில் திரும்பும், இதெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் ஜிஎஸ்டி: நீங்கள் பதிவு செய்திருந்து, அவர் தன் பெயரில் பில் போடுகிறார் என்றால், விற்றாலும் விற்காவிட்டாலும் சரக்கு அனுப்பியதற்கே வரி வரும், ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவதில் 300 போர்வையை 300 ரூபாய்க்குத் தள்ளினாலும் 90,000, அப்படியே அந்த 2 லட்சக் கடனில் கட்டுங்கள். அதுவரை கோயமுத்தூருக்கு ஒரு பேல்கூட ஏறக்கூடாது, தீபாவளி ஆர்டர் என்று மச்சினன் போன் அடித்தாலும் சரி.