பயோசென்சர் படிக்கணும் என்கிறாள் மகள்: பாம்பன் அண்ணனுக்கு என் பதில்

அண்ணே, வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள், உணவில் கலந்திருக்கிற நஞ்சைக் கண்டுபிடிக்கிற பயோசென்சர் துறைக்குப் போகணும் என்று பிடிவாதமாக நிற்கிறாள், பேசாமல் நர்சிங்கில் சேர்த்துவிடவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் இது உங்கள் மீன் வியாபாரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற விஷயம்.

சூரையோ அயிலையோ ஏலம் எடுக்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள், விரலால் அழுத்திப் பார்ப்பீர்கள். ஆனால் பிடித்த மீனை ஐஸில் போடத் தாமதமானால் உள்ளே ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகிவிடும். மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், நாற்றம்கூட தெரியாமல் போகலாம், குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலைவலி வந்து உடம்பெல்லாம் தடித்துவிடும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய்க்கும் இதே கதைதான். காதருகே குலுக்கி, விதை சத்தம் கேட்டு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம், ஆனால் களத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து வருகிற அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை அப்படிச் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் மிளகாய்க்கு அதன் வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஒரு டன் மூட்டையில் வெறும் 10 மில்லிகிராம்!

இப்படிக் கண்ணுக்குத் தெரியாததை அளந்து சொல்லத்தான் பயோசென்சர். வீட்டில் சர்க்கரை பார்க்கிற மெஷின் இருக்குமே, அதுவும் பயோசென்சர்தான். ஸ்ட்ரிப்பில் இருக்கிற என்சைம் (நொதி) ரத்தச் சர்க்கரையோடு வினைபுரிய, அதிலிருந்து வருகிற மின்சாரத்தை மெஷின் எண்ணாகக் காட்டுகிறது. பூச்சிமருந்துக்கு இதைத் திருப்பிப் போடுகிறார்கள். குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்துகள் பூச்சியின் நரம்பில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற என்சைமை முடக்கித்தான் அதைக் கொல்கின்றன. அதே என்சைமை ஸ்ட்ரிப்பில் வைத்தால், காய்கறிச் சாற்றில் மருந்து இருக்கும்போது என்சைம் முடங்கி சிக்னல் இறங்கும். எந்த மருந்து என்று மட்டும் அது சொல்லாது, அதற்கு ஆய்வகத்தில் பெரிய கருவி வேண்டும். அதனால் சென்சர் வந்தால் லேப் வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம்.

சரி, என்ன படிக்கலாம்? இளங்கலையிலேயே பயோசென்சர் என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி அலையாதீர்கள். வேதியியல், உயிர்வேதியியல், பயோடெக்னாலஜி, இதில் ஒன்றை ஒழுங்காகப் படித்தால் போதும். என்னைக் கேட்டால் வேதியியல்தான். மின்சாரத்தை வாங்கித் தருகிற மின்முனை இல்லாமல் இந்த வகை சென்சர் இல்லை, அந்த மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்துக் காரைக்குடியில் இருக்கிறது, எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு அங்கே முயற்சி செய்யலாம். கல்லூரியைப் பார்க்கப் போனால் லேபுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு கல்லூரியில், சாம்பிளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற எச்.பி.எல்.சி. கருவியைத் துணி போட்டு மூடி வைத்திருந்ததை நானே பார்த்தேன், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைத் தொட்டதே இல்லை.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். நர்சிங்கில் சீக்கிரம் சம்பளம் வரும். இதில் முதல் வேலை பெரும்பாலும் மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டிலோ பரிசோதனைக் கூடத்திலோதான், தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது. புதிய சென்சரை உருவாக்குகிற இடத்துக்குப் போக எம்.எஸ்சி., நெட் என்ற தகுதித் தேர்வு, பிஎச்.டி. என்று பத்து வருஷம் ஆகும், அதுவரை தாங்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் தெரிந்த ஏற்றுமதிக் கம்பெனி லேபில் அவளை ஒரு நாள் முழுக்க உட்கார வையுங்கள். சாயங்காலம் வரை சாம்பிளை அரைத்து, எடை போட்டு, நோட்டில் குறிப்பதைப் பார்த்துவிட்டு வந்தும் இதையே பேசினாள் என்றால், தயங்காமல் ஃபீஸ் கட்டுங்கள்.