கடலூரில் அப்பாவுக்கு ராத்திரி கெண்டைக்கால் இழுப்பு: தண்ணீர் மட்டும் போதாது

அப்பாவுக்கு ராத்திரி கெண்டைக்கால் இழுக்கிறது, தண்ணீரைக் கூட்டலாமா என்று கேட்டீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் கூட்டாதீர்கள், உப்பையும் சேர்த்துக் கொடுங்கள். பகல் முழுக்க அவர் தகரக்கூரைக் கடையில் உட்கார்ந்து நாலு லிட்டர் குடித்தும் கால் இழுக்கிறது என்றால், வியர்வையில் போன உப்பு திரும்பவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, மதியத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரைப் பொட்டலக் கணக்கு வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான்.

மே மாதம் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று, பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும். அந்த வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், போனதே தெரியாது. அப்புறம் கடல்காற்று வந்ததும் ஈரப்பதம் ஏறி, வியர்வை காயாமல் வழியும்.

இன்று அவர் கழற்றும் சட்டையின் முதுகைப் பாருங்கள். காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு இருக்கிறதா? இருந்தால் வியர்வையில் உப்பு நிறையப் போகிறது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீரும் பற்றவில்லை.

ஒன்று மட்டும் கவனம். பிரஷர், இதயம், சிறுநீரகம் என்று எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரைக் கேட்காமல் ஓஆர்எஸ் வேண்டாம். சிறுநீரைக் கூட்டும் மாத்திரையாலேயே கால் இழுக்கலாம். பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் காத்திருக்காதீர்கள்: 108க்கு அழைத்துவிட்டு, ஈரத்துணி போட்டு விசிறுங்கள்.