எச்.எஸ்.சி. மாணவனின் நாளும் வீட்டாரின் நாளும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில், எச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதித் தேர்வை எழுதும் அப்பர் சிக்ஸ் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனுக்காக நீங்கள் வகுத்து அனுப்பிய கால அட்டவணையைப் பார்த்தேன். அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றரைக்கு முடியும் அதில் பள்ளி, மூன்று முதன்மைப் பாடங்களுக்கும் டியூஷன், உடற்பயிற்சி, தியானம் என அனைத்துக்கும் இடம் இருக்கிறது. தூக்கத்துக்கு மட்டும் நாலரை மணி நேரமே எஞ்சியிருக்கிறது. ஒரு வாரம்கூட அவன் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சோம்பல் காரணமல்ல என்பதே என் கருத்து.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பகலில் படித்தது நினைவில் படிவதற்கே தூக்கம் வேண்டும் என்பதால், அதைக் குறைத்துப் படிக்கும் நேரத்தைக் கூட்டுவது வீண் முயற்சி. எச்.எஸ்.சி.யில் முன்னணி இடம் பிடித்து, அரசு உதவித்தொகைக்குரிய 'லாரியேட்' என்ற சிறப்பைப் பெற்ற மாணவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதைச் செய்திகளில் படித்துவிட்டு அதையே வீட்டில் சட்டமாக்கும் பெற்றோர் பலரை நான் சந்திக்கிறேன். அந்த மாணவர்கள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று கேட்பவர் அரிது.

ஆகவே இரவு பத்து மணிக்குப் படுக்கை, காலை ஆறு மணிக்கு விழிப்பு என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இதற்கு இடம் வேண்டுமானால் ஒரு டியூஷனையாவது விட்டாக வேண்டும். நம் தீவில் டியூஷனை நிறுத்துவது பெரிய துணிச்சலாகத் தோன்றும் என்பதை அறிவேன். ஆயினும், பள்ளித் தேர்வுகளில் அவன் தானாகவே நல்ல மதிப்பெண் பெறும் பாடத்துக்குப் பேருந்தில் போய் வந்து இரண்டாம் முறையும் அதே பாடத்தைக் கேட்பதால் களைப்பைத் தவிர வேறு பயன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவ்வாறு கிடைக்கும் நேரத்தில் ஒரே ஒரு பழக்கத்தைத் தொடங்கினால் போதும். பள்ளியிலிருந்து வந்து, குளித்து, தேநீர் அருந்தியவுடன், எந்த நோட்டையும் திறக்காமல், அன்று கற்றவற்றை வெற்றுத்தாளில் நினைவிலிருந்து அவன் எழுதட்டும். பிறகு நோட்டைத் திறந்து விடுபட்டவற்றைச் சரிபார்க்கட்டும். ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். எச்.எஸ்.சி. தேர்வோ படித்துப் பல மாதங்கள் ஆன பின் வருவது.

நேரத்தைக் கடிகாரப்படி குறிக்காமல் 'தேநீர் அருந்தியவுடன்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றாடம் தவறாமல் நடக்கும் ஒரு செயலை ஒட்டி வரும் பழக்கம், பேருந்து தாமதமானாலும் இடம் தவறுவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், இப்படித் தொடங்கிய பழக்கம் இயல்பாகப் படிய நடுத்தர அளவில் 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை அது வேறுபட்டது. இருபத்தொரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்ற பேச்சை நம்பி, மூன்று வாரத்தில் அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகையால் சூறாவளி எச்சரிக்கையால் பள்ளி மூடப்பட்டு ஒழுங்கு குலையும் நாள்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இனி உங்கள் பங்கு. தைப்பூசக் காவடிக்குக் கொடியேறிய நாள் முதல் பத்து நாள் விரதம் உங்கள் வீட்டில் சிரமமின்றி நடைபெறுகிறது என்றால், காவடி எடுப்பவரின் மனவுறுதி மட்டுமே அதற்குக் காரணமாகாது. அந்த நாள்களில் வீட்டில் அசைவம் சமைக்கப்படுவதே இல்லை, எல்லோரும் ஒரே வேளையில் ஒரே உணவை உண்கிறார்கள். மகனின் படிப்புக்கோ வீட்டில் எதுவும் மாறுவதில்லை. கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது, இரவு உணவு ஒருநாள் ஏழரைக்கு, மறுநாள் ஒன்பதரைக்கு, பெரியவர்களின் கைப்பேசிகள் நள்ளிரவு வரை ஒளிர்கின்றன. அவனுடைய கைப்பேசியை மட்டும் பறித்து வைத்தால் அதை அவன் தண்டனையாகவே எடுத்துக்கொள்வான். இரவு ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்து மேசைக்கு வரட்டும், உங்களுடையதும் அவன் தந்தையுடையதும் உட்பட.

புதிய அட்டவணையை நீங்கள் எழுத வேண்டாம். அவனே எழுதி அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வரட்டும். அவன் தந்தையும் உடன் வந்தால், எந்த டியூஷனை விடுவது, இரவு உணவை எத்தனை மணிக்கு வைத்துக்கொள்வது என்ற இரண்டையும் அன்றே முடிவு செய்துவிடலாம்.