மெய்யெழுத்துகள் எங்கே போயின? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

மினியாபொலிஸில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். போன வெள்ளிக்கிழமை இரவு அலுவலக நண்பர் ஒருவர் டவுன்டவுனில் உள்ள ‘செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி’ என்ற சின்ன கிளப்புக்கு அழைத்துப் போனார். உள்ளூர் ராக் குழுக்கள் மூன்று வாசித்தன. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அனுபவித்துக் கேட்டார்கள். எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆங்கிலம் பிரச்சினை இல்லை. அதே குழுவின் பாட்டை வீட்டில் போனில் போட்டால் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. ‘நீ நின்ற இடம் சரியில்லை’ என்கிறார் நண்பர். நான் மேடையை ஒட்டி, கிதார்காரருக்கு நேர் எதிரே நின்றேன். அதைவிட நல்ல இடம் எது? ஒரு குழு முடிந்து அடுத்த குழு தொடங்க இருபது நிமிடம் எதற்கு? மறுநாள் மதியம் வரை காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் இருந்தது. இது சாதாரணமா? ஜனவரியில் நண்பரின் குழுவே அங்கே வாசிக்கிறது, அவர்தான் கிதார். போகாமல் இருக்க முடியாது. மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு ஏதாவது வழி சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் சவுண்ட் இன்ஜினியரை மன்னித்துவிடுங்கள். நீங்கள் நினைப்பதில் பாதிகூட அவர் கையில் இல்லை.

மெல்லிசைக் கச்சேரியில் கீபோர்டு, ரிதம் பேட், பேஸ் கிதார், பாடகர் குரல் எல்லாமே மிக்ஸர் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகின்றன. மிக்ஸரில் இருப்பவர் ரிதமை இறக்கினால் இறங்கிவிடும். குரலை மேலே வைத்து மற்றதையெல்லாம் அதன் கீழே அடுக்குவது அங்கே வழக்கம். என்ட்ரி 250 பேர் கொள்ளும் அறை. அங்கே கணக்கு தலைகீழ். ட்ரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை, அதன் சொந்தச் சத்தமே அறையை நிரப்பிவிடும். கல்யாண மண்டபத்துக்குள் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது கேட்காது அல்லவா, அந்த நிலைமை அங்கே இரவு முழுக்க. கட்டையால் ஓங்கி அடிக்கும் ஸ்நேர் என்ற சின்ன மேளம் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். உரக்கப் பாடுகிற குரல் அதே தூரத்தில் 90 பக்கம்தான் வரும். ஆக, சின்ன கிளப்பில் ஒலியளவைத் தீர்மானிப்பவர் ட்ரம்மர். அவர் போட்ட கோட்டுக்கு மேலே குரலைத் தூக்கி நிறுத்த முடிகிறதா என்பதுதான் இன்ஜினியரின் முழுப் பாடு.

குரலை ஏற்றினால் போயிற்று என்று தோன்றும். இரண்டு தடைகள் உண்டு. பாடகருக்கு இரண்டடி பின்னால் ட்ரம்ஸின் உலோகத் தட்டுகளான சிம்பல்கள். குரலுக்கான மைக் அவற்றையும் சேர்த்தே பிடிக்கிறது. குரலைக் கூட்டக் கூட்ட சிம்பலும் கூடவே ஏறி வருகிறது. இன்னொன்று ஊளை. தரையில் சாய்வாக வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்கள் பாடகருக்கு அவர் குரலையே திருப்பிப் போடுகின்றன. அந்தச் சத்தம் மறுபடி மைக்கில் நுழைந்தால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் சுற்றிச் சுற்றி வளர்ந்து மைக் கூவ ஆரம்பிக்கும். 1966இலிருந்து மேடைகளை ஆள்கிற ஷ்யூர் எஸ்எம்58 போன்ற மைக் முன்பக்கச் சத்தத்தை வாங்கிக்கொண்டு நேர் பின்பக்கத்தை ஒதுக்கும். அதனால்தான் மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேராக வைக்கிறார்கள். சில பாடகர்கள் ஸ்டைலுக்காக மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள். பின்பக்கச் சத்தத்தை ஒதுக்குவதற்காகத் தலையடியில் விட்டிருக்கும் துளைகள் அதில் அடைபட்டுப் போகும். மைக் நாலாபக்கமும் கேட்க ஆரம்பித்து உடனே ஊளையிடும். சொல்லும் குழறும். அடுத்த முறை கவனியுங்கள்: பாடகரின் கை மேலே ஏறும், அடுத்த நொடி கீச்சென்று கத்தும், மிக்ஸர் பக்கம் ஒரு தலை நிமிரும்.

பாடகர் தானாகச் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான், உதட்டை மைக்கில் ஒட்டிப் பாடுவது. வாய் 10 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதற்கும் 2 சென்டிமீட்டரில் இருப்பதற்கும் சுமார் 14 டெசிபல் வித்தியாசம். எந்த மிக்ஸரும் இலவசமாகத் தராத தொகை அது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பாட்டின் ராகம் கேட்டதா? கேட்டிருக்கும். சொல்தான் இல்லை. உயிரெழுத்துகளின் பலம் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது, அவை தப்பிவிடும். க, ச, ட, த என்று ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வெட்டு பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, 4000 வரை உட்கார்ந்திருக்கிறது. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைப்பது) போட்ட கிதாரின் கரகரப்பு விழுவதும் அதே பட்டையில்தான், சிம்பலின் சிதறலும் அங்கேதான். மெய்யெழுத்துகள் அந்த நெரிசலில் நசுங்கி, வெறும் ஆ ஓ ஈ மட்டும் உங்களிடம் வந்து சேர்கிறது. வீட்டில் கேட்ட ஒலிப்பதிவில் கிதாரின் அந்தப் பட்டையைக் குறைத்துக் குரலுக்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

இதில் ட்ரம்மரை ஓரளவுக்கு மேல் குறை சொல்ல முடியாது. மெல்லிய கட்டையை எடுக்கலாம், சிம்பலைச் சின்னதாக்கலாம், அதற்கு மேல் குறைத்தால் அது ராக் ஆக இருக்காது. கிதார் அப்படி இல்லை, அதற்குக் குமிழ் இருக்கிறது. என் கணக்கில் சின்ன கிளப்பைக் கெடுப்பவர்களில் முதலிடம் கிதார்காரருக்கு. அதுவும் பெரும்பாலும் அகம்பாவத்தால் அல்ல, ஆம்ப்பை (கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டியை) வைக்கும் இடத்தால்.

கிதார் ஆம்ப்பில் இருப்பது பொதுவாக 12 அங்குல ஸ்பீக்கர். 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர், ஸ்பீக்கரின் குறுக்களவில் பாதிகூட இல்லை. அப்படிப்பட்ட ஒலி பரவாது, டார்ச் வெளிச்சம் போல நேராகப் பாயும். ஆம்ப் தரையில் இருந்தால் அந்த டார்ச் கிதார்காரரின் முழங்காலில் அடிக்கிறது. அவர் காது அதற்கு மூன்றடி மேலே. அவருக்கு மங்கலாகக் கேட்கும்; மேல் ஒலியைக் கூட்டும் ட்ரெபிளைத் திருகுவார், போதாமல் வால்யூமையும் திருகுவார். மேடை தாழ்வாக இருக்கிற கிளப்பில் அந்த டார்ச் அவர் கால்களுக்கு நடுவே புறப்பட்டு, எதிரே நிற்பவர் முகத்தில் வந்து விழும். போன வெள்ளிக்கிழமை அந்த முகம் உங்களுடையது. குரல் ஸ்பீக்கர்களோ மேடையின் இரு ஓரங்களில், உங்களைத் தாண்டிப் பின்பக்கத்தைப் பார்த்து நிற்கின்றன. குரலைத் தவிர மற்ற எல்லாம் நேரடியாகக் கிடைக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: ஆம்ப்பை ஒரு நாற்காலியிலோ பால் கிரேட்டிலோ தூக்கி வைக்கட்டும், அல்லது பின்னால் சாய்த்து ஸ்பீக்கர் தன் முகத்தைப் பார்க்கும்படி வைக்கட்டும். பத்து நிமிடத்தில் அவரே வால்யூமைக் குறைத்துவிடுவார். 100 வாட் ஆம்ப்பும் அங்கே வேண்டாம். பத்து வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபல்தான், காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்பை ஓரளவு முறுக்கினால்தான் அதன் நல்ல குணம் வெளியே வரும். 15, 20 வாட் ஆம்ப்பை அந்த அறையில் முறுக்கலாம். நூறு வாட்டை முறுக்கினால் மற்ற மூவரும் வாயை மட்டும் அசைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

நிற்கும் இடம்: மிக்ஸர் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதற்கு முன்னால் ஓரிரு அடியில் நில்லுங்கள். இன்ஜினியர் தன் காதுக்குத்தான் சரிசெய்கிறார், அந்தக் காதுக்குப் பக்கத்தில் உங்கள் காது இருக்கட்டும். அங்கே இடம் இல்லையென்றால் அறையின் நீளத்தில் பாதியைத் தாண்டி, நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி. பின்சுவரில் சாய வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் பேஸ் அலை ஒன்றின் நீளமே ஐந்தரை மீட்டருக்கு மேல். சுவரை ஒட்டி அது குவியும், மூலையில் இன்னும் மோசம். அங்கே பேஸ் கிதார் ஒரே உறுமலாகத்தான் கேட்கும். முதல் குழுவுக்குச் சத்தம் கூர்மையாகவும் கடைசிக் குழுவுக்கு இதமாகவும் இருந்ததாகத் தோன்றினால் அது பிரமை இல்லை. மனித உடம்பும் உடுப்பும் மேல் ஒலிகளை உறிஞ்சும். காலி அறையின் எதிரொலியும் 200 குளிர்கால அங்கிகள் நிற்கும் அறையின் எதிரொலியும் ஒன்றல்ல.

அந்த இருபது நிமிடம் வீண் போவதில்லை. சவுண்ட் செக் (நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்ப்பது) தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியாக வாசிக்கிற முக்கியக் குழு மாலையில் முதலில் பார்த்துவிட்டுப் பொருட்களை ஒதுக்கிவைக்கும், முதலில் வாசிக்கிற குழு கடைசியில் பார்த்துவிட்டு அப்படியே மேடையில் விட்டுவிடும். நேரம் போதாமல் அடிபடுவது எப்போதும் அந்த முதல் குழுதான். ட்ரம்ஸின் பெரிய கூடுகளையும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியையும் பல இரவுகளில் எல்லாக் குழுக்களும் பகிர்ந்துகொள்ளும். ஸ்நேர், சிம்பல்கள், கால் பெடல் மூன்றையும் ஒவ்வொரு ட்ரம்மரும் தன்னுடையதையே கொண்டுவருவார். உடையக்கூடியவை, ஆளுக்கு ஆள் மாறுபடுபவை என்பது காரணம். இவற்றைக் கழற்றி மாட்டத்தான் அந்த இருபது நிமிடம். இடைவெளி முடியும் தறுவாயில் ஒவ்வொரு வாத்தியத்தையும் சில வினாடிகள் தனியாகத் தட்டிப் பார்ப்பார்கள். அதைக் கவனித்துக் கேளுங்கள். பாட்டில் எது எந்தச் சத்தம் என்று பிரித்தறிய அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்த நேரத்தில்தான் விபத்துகளும். கிதார் ஊமையாகிவிட்டால் பத்தில் எட்டு முறை குற்றவாளி கிதாரின் ஒலியை மாற்ற காலடியில் வைத்திருக்கும் பெடல்கள்: 9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது இரண்டு பெடலுக்கு நடுவிலுள்ள குட்டி ஒயர் விட்டிருக்கும். விவரம் தெரிந்தவர் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பெடல்களைத் தாண்டி கிதாரை நேராக ஆம்ப்பில் செருகுவார். சத்தம் வந்தால் பெடலில் கோளாறு, அன்றைக்குப் பெடல் இல்லாமலே வாசித்துவிடலாம். ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் மின்சாரத்தினுடையது. அங்கே 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. நம் ஊர் ரீங்காரத்தை ஸட்ஜமாக வைத்தால் அமெரிக்க ரீங்காரம் கணக்காகச் சாதாரண காந்தாரம். பயன் ஒன்றும் இல்லை, ஆனால் ஒருமுறை தெரிந்துவிட்டால் கேட்காமல் இருக்க முடியாது.

காது விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்பு 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94க்கு ஒரு மணி, 100க்குக் கால் மணி. நீங்கள் நின்ற இடத்தில் முதல் பாட்டு நாலு தாண்டும்போதே அன்றைய ரேஷன் முடிந்திருக்கும். இரைச்சல் ஒரு நாளில் அடங்கியது நல்லது, ஆனால் அது சாதாரணம் இல்லை. உட்காதின் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. இரண்டு நாளுக்கு மேல் இரைச்சலோ மந்தமோ நீடித்தால் தள்ளிப்போடாமல் காது மருத்துவரிடம் போங்கள்.

மினியாபொலிஸில் இசை நடக்கும் பார்களும் கிளப்புகளும் காதடைப்பானை இலவசமாகத் தர வேண்டும் என்று 2014இல் நகரசபையே விதி போட்டது. கவுன்ட்டரில் கேளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் பஞ்சு போன்ற ஃபோம் அடைப்பானை மேலோட்டமாகச் செருகினால் பயன் இல்லை. விரலால் உருட்டி ஊசி போல மெலிதாக்கி, மறுகையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே தள்ளி அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருங்கள். பிறகு பேசிப் பார்த்தால் உங்கள் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்க வேண்டும். ஃபோமில் ஒரு குறை, மேல் ஒலிகளை அதிகமாக வெட்டும், மெய்யெழுத்துக்கு இன்னொரு அடி. எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இசைக்கான அடைப்பான்கள் இருபது டாலர் அளவில் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டுக்கொண்டால் அத்தனை சத்தத்தில் சொற்கள் முன்பைவிடத் தெளிவாகக்கூடக் கேட்கும். அளவுக்கு மீறிய ஒலியில் காதே திணறிப்போகிறது. சுமை குறைந்தால் பிரித்துக் கேட்கும்.

அந்த இடத்தைப் பற்றி ஒரு வரி. பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெரிய கூடமான ஃபர்ஸ்ட் அவென்யூவும் என்ட்ரியும் ஒரே கட்டடம், 1937இல் கட்டிய கிரேஹவுண்ட் பஸ் நிலையம். 1970 ஏப்ரலில் இசைக் கூடமாயிற்று, என்ட்ரி 1980இல் சேர்ந்தது. அந்த ஊரின் புகழ்பெற்ற பாடகர் பிரின்ஸ் 1983 ஆகஸ்ட் 3 அன்று வாசித்து ஒலிப்பதிவு செய்தது 1500 பேர் கொள்ளும் பெரிய கூடத்தில். ஹஸ்கர் டூ என்ற உள்ளூர்க் குழு 1981 ஆகஸ்டில் தன் முதல் ஆல்பத்தை நேரடியாகப் பதிந்தது நீங்கள் நின்ற சின்ன அறையில். அரை மணி நேரத்துக்குள் 17 பாட்டு. அதிலும் சொல் புரியாது, தேடிக் கேட்டுப் பாருங்கள், ஆறுதலாக இருக்கும்.

ஜனவரி என்கிறீர்கள், அதனால் ஒன்று. நண்பரோடு ஒரே காரில் போவதாக இருந்தால் கிதாரை டிக்கியில் போட விடாதீர்கள், பின்சீட்டில் ஹீட்டர் படும்படி வையுங்கள். மைனஸ் இருபது டிகிரியில் உறைந்த கிதாரை வேர்வையும் மூச்சுக்காற்றும் நிறைந்த கிளப்புக்குள் கொண்டுபோய்ப் பெட்டியை உடனே திறந்தால் ஈரம் அப்படியே மரத்திலும் கம்பியிலும் பனிக்கும். வார்னிஷ் மயிரிழையாக வெடிக்கக்கூடும். சுருதி சேர்த்து முடிப்பதற்குள் மறுபடி நழுவும். சவுண்ட் செக்குக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியைத் திறக்காமல் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். ஆம்ப்புக்கும் அதேதான். உலோகத் தகட்டில் கை வைத்துப் பாருங்கள், சில்லிப்பும் ஈரமும் போன பிறகு சுவிட்சைப் போடட்டும்.