ஜூலையில் லெசோத்தோ: பனியைத் தேடும் முன் பாதையைப் பாருங்கள்

கேள்வி: ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் வழியாக லெசோத்தோ போக நினைக்கிறோம். நான், மனைவி, 14 வயது மகள், 68 வயது அப்பா. அப்பா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கையில் ஒரு வாரம் இருக்கிறது. மகளுக்குப் பனி பார்க்க ஆசை. வாடகைக் காரில் சானி கணவாய் வழியாக ஏறி, மலைக்குள்ளேயே சுற்றி, வடக்குப் பக்கம் இறங்கிவிடலாமா? குளிரைத் தாங்க முடியுமா?
(கோவை வாசகர் ஒருவர்)

பதில்: குளிரைத் தாங்கிவிடலாம். உங்கள் திட்டத்தைத்தான் தாங்க முடியாது. சானியில் ஏறி வடக்கே இறங்குவது வரைபடத்தில் அழகான வட்டமாகத் தெரியும். ஜூலையில் அந்த வட்டத்தைக் கைவிடுங்கள்.

முதலில் சானி. லெசோத்தோவைச் சுற்றிலும் தென்னாப்பிரிக்காதான், ஆகவே ஏறும் வழியில் இரண்டு எல்லைச் சாவடிகள். தென்னாப்பிரிக்காவின் சோதனைச் சாவடி மலையடியில் இருக்கிறது, லெசோத்தோவின் சாவடி 2,876 மீட்டர் உயரத்தில், உச்சியில். இடைப்பட்ட செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டுமே அனுமதி. சாதாரணக் காரைக் கீழேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லை மாலை 6 மணிக்கு மூடப்படும். உறைபனி படிந்தால் பாதையையே அடைத்துவிடுவார்கள், எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உச்சியிலிருந்து மொகொட்லொங் வழியாக வடக்கே வருவது தார்ச்சாலைதான். ஆனால் அது 3,200 மீட்டருக்கு மேல் போகும் கணவாய்களைக் கடந்து வருகிறது. ஜூலையில் அங்கே காலை ஏழுக்குத்தான் விடியும், மாலை ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் வண்டி ஓட்டக் கூடாது. ஆடு மாடுகள் நடுச்சாலையில் நிற்கும். கறுப்புப் போர்வை போர்த்திய ஆள் குதிரையில் வருவது பக்கத்தில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. பகலில் உருகிய நீர் தார்மேல் கண்ணாடிபோல் உறைந்திருக்கும். சானியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், வேறொரு முறை டர்பன் பக்கம் வரும்போது அண்டர்பெர்க்கிலிருந்து உள்ளூர் ஓட்டுநரோடு ஒரு நாள் சுற்றுலாவாக ஏறி இறங்குங்கள்.

நான் சொல்லும் பாதை இது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து முதல் நாள் கிளாரன்ஸ் அல்லது ஃபூரிஸ்பர்க் வரை மட்டும் வந்து தங்குங்கள். அன்றே மலையேறும் ஆசை வேண்டாம். மறுநாள் காலை கலெடன்ஸ்போர்ட் எல்லையைக் கடந்து புத்தா-புத்தே. அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு, பத்து மணிக்கு மேல் மொட்டெங் கணவாயில் ஏறுங்கள். அந்தப் பத்து மணியில்தான் விஷயம் இருக்கிறது. தென் அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. அதனால் தெற்குப் பார்த்த சரிவுகளில் வெயில் தாமதமாக விழும், சில வளைவுகளில் விழவே விழாது. வெயில் பட்ட வளைவில் தார் உலர்ந்து கிடக்கும், அடுத்த வளைவின் நிழலில் பனிக்கட்டி மினுக்கும். நிழலைப் பார்த்தாலே வேகத்தைக் குறையுங்கள். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் முதல் அல்லது இரண்டாவது கியரில் இறங்குங்கள். இதே காரணத்தால், எங்கே தங்கினாலும் வடக்குப் பார்த்த அறையாகக் கேட்டு வாங்குங்கள். வாஸ்துவுக்காக அல்ல, பகல் முழுக்கச் சுவரில் விழும் வெயில் இரவில் உதவும் என்பதற்காக.

மொட்டெங்கையும் அதற்கு மேலே 3,222 மீட்டரில் இருக்கும் மஹ்லசேலா கணவாயையும் தாண்டினால் ஆஃப்ரிஸ்கி. பனிச்சறுக்குக்கென்றே அமைந்த விடுதி. உங்கள் மகளுக்கான இடம் இதுதான். லெசோத்தோவில் பனி மாதக்கணக்கில் கிடக்காது. குளிர் அலை ஒன்று வந்தால் ஓரிரவில் மலை வெளுக்கும், சில நாளில் வடக்குச் சரிவுகள் மறுபடி காய்ந்த புல்லாகிவிடும். குளிர்காலம் அங்கே வறண்ட காலம், மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஏப்ரலுக்குள் பெய்து முடிந்துவிடும். ஆஃப்ரிஸ்கியில் இரவுக் குளிரில் இயந்திரம் வைத்துப் பனியைத் தயாரித்துச் சரிவில் கொட்டுகிறார்கள். ஒரே ஒரு நீண்ட சரிவுதான், இருபுறமும் பழுப்பு மலை. சுவிட்சர்லாந்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், முதல்முறை பனியைத் தொடுகிற பிள்ளைக்கு அது போதும். சறுக்குக் கட்டை, காலணி, உடை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிச் சுமக்க வேண்டாம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறை, அறை கிடைப்பது கடினம். ஜூலைக் கடைசி வாரம் போங்கள்.

ஆனால் அப்பாவை அங்கே இரவு தங்கவைப்பது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. விடுதி 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். இந்த உயரத்தில் பலருக்குத் தலைவலியும் தூக்கமின்மையும் வரும், இரவில் குளிர் மைனஸ் பத்துக்கும் கீழே போகலாம். அந்தப் பக்கத்து லெட்செங்கில் 1967-ல் மைனஸ் 20.4 டிகிரி பதிவாகியிருக்கிறது. மருத்துவரைக் கேட்டு அவர் சரி என்றால் ஓரிரவு தங்குங்கள். தயங்கினால் புத்தா-புத்தேயில் தங்கி, பகலில் மட்டும் மேலே போய்வாருங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், இரவில் காருக்குள் விடாதீர்கள்.

அங்கிருந்து இறங்கி, லெரிபே வழியாக மசேரு. தலைநகரில் செலவிட அதிக நேரம் வேண்டாம். ஆனால் அருகிலுள்ள தாபா போசியுவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1824-ல் பசோத்தோ (லெசோத்தோ மக்கள்) அரசர் முதலாம் மொஷ்வேஷ்வே தன் மக்களோடு ஏறி அரணாக்கிக்கொண்ட தட்டையுச்சி மலை அது. வந்த படைகள் எவற்றாலும் அதைக் கைப்பற்ற முடியவில்லை. இன்று நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருந்தும் லெசோத்தோ தனி நாடாக இருப்பதன் வேர் அந்த மலையில் இருக்கிறது. வழிகாட்டியோடு மெதுவாக ஏறலாம்.

பிறகு செமோன்கொங். மசேருவிலிருந்து ரோமா வழியாகத் தார்ச்சாலை, சுமார் 120 கிலோமீட்டர். இங்கே இரண்டு இரவு தங்குங்கள். மலெட்சுன்யானே அருவி 192 மீட்டர் ஒரே பாய்ச்சலாக விழுகிறது. குளிர்காலத்தில் நீர் மெலிந்திருக்கும். ஆனால் திவலை பட்ட பாறைச் சுவரெல்லாம் உறைந்து தொங்கும், அந்தக் காட்சி கோடையில் கிடைக்காது. அருவி முனை வரை பசோத்தோ குதிரையில் போகலாம். குட்டையான, நிதானமான குதிரை, மலைப்பாதையில் கால் வைக்கும் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். ஓட்டிவருபவர் சொல்வதைக் கேட்டு, கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காமல் விட்டாலே போதும். திரும்பும்போது மசேரு பாலம் எல்லை 24 மணி நேரமும் திறந்திருக்கும். அங்கிருந்து புளூம்ஃபொன்டைன் ஒன்றரை, இரண்டு மணி நேரம். காரை அங்கே ஒப்படைத்துவிட்டு ஜோகன்னஸ்பர்க்குக்கு விமானம் ஏறலாம்.

கட்ஸே அணையைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். 185 மீட்டர் உயர வளைவு அணை, பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஒரு வாரத்தில் இடமில்லை. அந்த நாளைக் கையிருப்பாக வைத்திருங்கள். 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில் கொட்டிய பனியில், ஜோகன்னஸ்பர்க்கையும் டர்பனையும் இணைக்கும் பெருஞ்சாலையே அடைபட்டு, வண்டிகள் இரவெல்லாம் சிக்கி நின்றன. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு மலையில் இருக்கவே கூடாது.

துணிமணியில் ஒரே விதி: ஜீன்ஸும் பருத்தி பனியனும் மலையில் எதிரிகள், நனைந்தால் காயாது. உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஜாக்கெட்டைக் கழற்றிவிடுவீர்கள், அப்போதுதான் முகம் கருகும், உதடு வெடிக்கும். வெயில் கிரீமும் உதட்டுக்கு வாசலீனும் அவசியம். இன்னொரு கனமான கோட்டு வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மசேருவில் பசோத்தோ கம்பளிப் போர்வை ஒன்று வாங்குங்கள், கோடுகள் செங்குத்தாக விழும்படி போர்த்துவது அங்கே வழக்கம். பல விடுதி அறைகளில் எரிவாயு அல்லது மண்ணெண்ணெய் ஹீட்டர்தான் இருக்கும். படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும். இரவுக்கு வெந்நீர்ப் பை கேளுங்கள், கொடுப்பார்கள்.

சைவம் என்றால் பாபா என்ற மக்காச்சோளக் களியும், மொரோஹோ என்ற கீரையும், அவரையும் எங்கும் கிடைக்கும். ஊறுகாய் உங்கள் பொறுப்பு. பணத்துக்குத் தென்னாப்பிரிக்க ராண்ட் போதும், லெசோத்தோ நாணயமான லோட்டியோடு அதற்குச் சம மதிப்பு. மிச்சச் சில்லறை மலோட்டியாக (லோட்டியின் பன்மை) கிடைத்தால் எல்லைக்கு முன்பே செலவழித்துவிடுங்கள், அந்தப் பக்கம் வாங்க மாட்டார்கள். பிளக்குக்கு உலக அடாப்டர் எதுவும் பொருந்தாமல் விழிக்க வேண்டாம். அங்குள்ளது நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய மூன்று முனை பிளக்தான். கோவையிலேயே எலக்ட்ரிக்கல் கடையில் சின்ன முனையைப் பெரிய முனையாக்கும் கன்வெர்ட்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி காகிதங்கள், இவற்றை டிக்கெட்டுக்கு முன்பே முடியுங்கள். லெசோத்தோவுக்குள் போய்த் திரும்புவது தென்னாப்பிரிக்காவுக்குள் இரண்டாவது நுழைவு, ஆகவே பலமுறை நுழைவு விசா கேட்டு விண்ணப்பியுங்கள். லெசோத்தோ விசா விதிகள் மாறக்கூடியவை, டெல்லியில் உள்ள அதன் தூதரகத்திடம் நேரடியாகக் கேளுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் எடுத்துச் செல்லுங்கள். விமானம் நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படலாம். துபாய் அல்லது தோஹா வழி வந்தால் அந்தத் தலைவலி இல்லை. காரை முன்பதிவு செய்யும்போதே லெசோத்தோ போகிறோம் என்று சொல்லி, எல்லை கடக்கும் அனுமதிக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள், அதில் வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு விலக்கப்பட்டிருக்கிறதா என்று சிறு எழுத்தில் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும், தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் புளூம்ஃபொன்டைனுக்குத்தான் கொண்டுபோவார்கள், அதனால் மருத்துவ இடமாற்றச் செலவும் அதில் அடங்கட்டும்.